கேள்வி வயலில் இருக்கிறது

ஆய்வுக் கருவியை ஓராண்டில் வாங்கிவிடலாம். ஆய்வுப் பழக்கம் படிய ஒரு தலைமுறை ஆகும். கட்டுரைகளின் எண்ணிக்கை தரவரிசைக்கு உதவும். ஊருக்கு உதவியதா என்பது தனிக் கணக்கு.

சேலம், நாமக்கல் வட்டார மரவள்ளியை அண்மை ஆண்டுகளில் மாவுப்பூச்சி சூறையாடியது. ஜவ்வரிசி ஆலைகள் வரை கவலை பரவியது. அதைக் கட்டுப்படுத்த மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்று வரவழைக்கப்பட்டது. பெங்களூருவில் பெருக்கப்பட்ட அந்தக் குளவி, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது. கேள்வி இந்த மண்ணில் எழுந்தது. விடை கடல் தாண்டி வந்தது. இரண்டுக்கும் வாசலைத் திறந்து வைக்கும் இடத்தில்தான் ஆய்வு வளரும். தோற்றுப்போன சோதனைக்கும், வழிகாட்டியை மறுத்துப் பேசும் மாணவருக்கும் அங்கே இடம் வேண்டும். (இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, மனம்தான் தேவை.)

சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியது; நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிப்பண்ணையும் ஜவ்வரிசி ஆலையும் இவற்றுக்குத் தொலைவில் இல்லை. ஆய்வு மாணவர்களே, தலைப்பை முடிவு செய்யும் முன் ஒருமுறை அங்கே போய் வாருங்கள்.