யோசேப்பின் அங்கியும் யூசுஃபின் சட்டையும்

சீடன்: யூதர்களின் தனாக், கிறிஸ்தவர்களின் விவிலியம், முஸ்லிம்களின் குர்ஆன் ஆகிய மூன்றிலும் ஆபிரகாமும் மோசேயும் வருகிறார்கள். அப்படியானால் மூன்றையும் ஒரே நூலின் மூன்று பதிப்புகள் என்று கொள்ளலாமா, ஐயா?

குரு: கொள்ளலாகாது. பதிப்பு என்றால் மூலம் ஒன்றாக இருக்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு திருத்தங்கள்தான் வேறுபட வேண்டும். இங்கே நடந்தது வேறு. கிறிஸ்தவம் யூதரின் நூலைத் தன் நூலோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டது. இஸ்லாம் முன்னை வேதங்களை இறைவன் அருளியவை என்று ஏற்றது; ஆனால் அவற்றைத் தன் நூலுக்குள் சேர்க்கவில்லை. யூதமோ பின்வந்த இரண்டையும் வேதமாக ஏற்கவில்லை.

சீடன்: முதல் நூலில் என்ன இருக்கிறது?

குரு: தனாக் என்பது தோரா, நெவீம், கெதூவிம் என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். தோரா மோசேயின் ஐந்து நூல்கள். நெவீம் இறைவாக்கினர் நூல்கள். கெதூவிம் சங்கீதம், நீதிமொழி, யோபு முதலான எழுத்துகள். பெரும்பகுதி எபிரேயம், சிறு பகுதி அரமேயம். யூதர் கணக்கில் மொத்தம் 24 நூல்கள்.

சீடன்: கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள் என்கிறார்களே?

குரு: புரொட்டஸ்டன்ட் சபைகளின் கணக்கு அது. உள்ளடக்கம் ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு. சிறிய இறைவாக்கினர் பன்னிருவரையும் யூதர் ஒரே நூலாக எண்ணுவர். சாமுவேல், அரசர்கள், குறிப்பேடு ஆகியவற்றை இரண்டிரண்டாகப் பிரிப்பதில்லை. எஸ்றாவும் நெகேமியாவும் அவர்களுக்கு ஒன்று. கத்தோலிக்கரின் பழைய ஏற்பாட்டில் 46 நூல்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை அதில் கூடுதலாக உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே அவை வந்தன.

சீடன்: உள்ளடக்கம் ஒன்றே என்றால் புரொட்டஸ்டன்ட் பழைய ஏற்பாடும் தனாக்கும் ஒன்றுதானே?

குரு: நூல்கள் ஒன்று, அடுக்கு வேறு. இன்று அச்சாகும் தனாக் குறிப்பேட்டில் முடிகிறது. பாரசீக மன்னன் சைரசு யூதர்களை எருசலேமுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் கட்டளை அதன் கடைசிச் செய்தி. புரொட்டஸ்டன்ட் பழைய ஏற்பாடு மலாக்கியில் முடிகிறது. இறைவாக்கினர் எலியா மீண்டும் வருவார் என்ற வாக்குறுதி அங்கே கடைசியாக நிற்கிறது. பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு நற்செய்தி. தனாக் வாசகரைத் தாய்மண்ணுக்கு அனுப்புகிறது. பழைய ஏற்பாடு இன்னொருவரை எதிர்பார்க்க வைக்கிறது.

சீடன்: சொற்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டா?

குரு: உண்டு. எசாயா ஏழாம் அதிகாரத்தில் ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள் என்று வருகிறது. எபிரேயச் சொல் ‘அல்மா’. இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ‘பார்த்தெனோஸ்’ என்று வைத்தார்கள். அதற்குக் கன்னி என்பது வழக்கமான பொருள். மத்தேயு அந்தக் கிரேக்க வாசகத்தைக் கொண்டே இயேசுவின் பிறப்பை விளக்குகிறார். யூதர் அந்த வசனத்தை ஆகாஸ் மன்னன் காலத்துச் செய்தியாகவே படிக்கிறார்கள்.

சீடன்: புதிய ஏற்பாடு வந்தபின் பழையதை விட்டுவிட்டிருக்கலாமே?

குரு: அப்படிச் சொன்னவரும் உண்டு. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் எபிரேய வேதத்தை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டும் என்றார். ரோமைத் திருச்சபை அவரைத் தள்ளியது, நூலை வைத்துக்கொண்டது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ளபடி முழுமையாகப் பட்டியலிடப்பட்டது 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதத்தில்.

சீடன்: குர்ஆனின் நிலை என்ன?

குரு: 610 முதல் 632 வரை முகமது நபிக்கு அரபு மொழியில் அருளப்பட்டது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. 114 அத்தியாயங்கள். மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில் ஒரே வடிவாகப் படியெடுக்கப்பட்டது. மூஸா என்னும் மோசேக்குத் தவ்ராத், தாவூது என்னும் தாவீதுக்கு ஸபூர், ஈசா என்னும் இயேசுவுக்கு இஞ்சீல் அருளப்பட்டதாக அது சொல்கிறது. தன்னை அவற்றை மெய்ப்பிக்கும் நூல் என்கிறது. யூதரையும் கிறிஸ்தவரையும் வேதம் உடையோர் என்று அழைக்கிறது. அதே வேளையில் அவர்கள் வேதத்தைப் புரட்டியதாகவும் குற்றம்சாட்டுகிறது. புரட்டியது பொருளையா, எழுத்தையா என்பதில் முஸ்லிம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் எழுத்தே மாற்றப்பட்டது என்றார். 15ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவின் அல்பிகாயீ, தம் குர்ஆன் விரிவுரையில் விவிலியப் பகுதிகளை எடுத்தாண்டார். அது தகும் என்று தனி நூலும் எழுதினார்.

சீடன்: ஒரே கதையை மூன்று மரபும் எப்படிக் கையாள்கின்றன என்று காட்ட முடியுமா?

குரு: யோசேப்பின் கதையை எடுத்துக்கொள்ளலாம். தோராவின் முதல் நூலான தொடக்கநூலில் 37ஆம் அதிகாரம் முதல் 50 வரை அது விரிகிறது. குர்ஆனில் 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள், ஏறக்குறைய முழுவதும் யூசுஃபின் கதைதான். இரண்டிலும் உடைதான் சாட்சி. தொடக்கநூலில் சகோதரர்கள் யோசேப்பின் அங்கியை ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் அனுப்புகிறார்கள். யாக்கோபு நம்பிக் கதறுகிறார். எகிப்தில் எசமானின் மனைவி கையில் சிக்கிய மேலாடை யோசேப்புக்கு எதிரான பொய்ச்சாட்சி ஆகிறது. அவர் சிறைக்குப் போகிறார். இரண்டு இடத்திலும் உடை பொய் சொல்கிறது.

சீடன்: குர்ஆனில்?

குரு: அங்கே சட்டை மூன்று முறை வருகிறது. முதலில் போலி இரத்தம் பூசிய சட்டை. யாகூப் நம்பவில்லை, இது உங்கள் மனம் ஜோடித்த கதை என்று மகன்களிடமே சொல்லிவிடுகிறார். அடுத்து எசமானின் வீட்டில் கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் யூசுஃப் குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் எசமானின் மனைவி பொய் சொல்கிறாள் என்று அவள் குடும்பத்தவர் ஒருவர் வழி சொல்கிறார். கிழிசல் பின்புறம் இருக்கிறது. கடைசியில் யூசுஃப் தம் சட்டையைக் கொடுத்தனுப்புகிறார். அதை முகத்தில் போட்டதும் அழுதழுது பார்வை இழந்த தந்தைக்குக் கண் தெரிகிறது. இங்கே சட்டை உண்மையை வெளிக்கொணர்கிறது. தொடக்கநூலின் யாக்கோபு ஏமாந்த தந்தை. குர்ஆனின் யாகூப் இறைவனிடம் அறிவு பெற்ற நபி, பொறுமையின் உருவம்.

சீடன்: கிறிஸ்தவர் இந்தக் கதையைத் திருத்திச் சொன்னார்களா?

குரு: ஒரு சொல்லையும் மாற்றவில்லை, படிக்கும் முறையை மாற்றினார்கள். சகோதரர்களால் இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட யோசேப்பில், சீடனால் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுக்கப்பட்ட இயேசுவின் முன்னிழலைக் கண்டார்கள். கிறிஸ்தவம் பழைய வாசகத்தை வைத்துக்கொண்டு புதுப்பொருள் கண்டது. இஸ்லாம் அதே வரலாற்றைப் புதிய வாசகத்தில் சொன்னது.

சீடன்: யூதர்கள் இந்த இரண்டையும் எப்படி எடைபோட்டார்கள்?

குரு: 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிசின் தீர்ப்பு இதற்குப் பொருந்தும். முஸ்லிம்கள் சிலை வணக்கத்தார் அல்லர் என்றார். கிறிஸ்தவர்களை அவ்வாறு விலக்கிச் சொல்லவில்லை. ஆனால் தோராவின் கட்டளைகளைக் கிறிஸ்தவர்களுக்குக் கற்பிக்கலாம், முஸ்லிம்களுக்குக் கற்பிக்கக் கூடாது என்றார். கிறிஸ்தவர் தோராவின் வாசகத்தை ஏற்கிறார்கள், முஸ்லிம்களோ அது மாற்றப்பட்டது என்கிறார்கள் என்பது காரணம். இறைக்கொள்கையில் ஒருவர் நெருக்கம். நூலில் மற்றவர் நெருக்கம்.

சீடன்: அப்படியானால் மூன்று நூல்களையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடலாமா?

குரு: அதிலும் கவனம் வேண்டும். கிறிஸ்தவருக்கு இறைவார்த்தை முதன்மையாக இயேசு என்ற ஆள். விவிலியம் அவரைப் பற்றிய சாட்சி. ஆகவே எந்த மொழியில் படித்தாலும் அது விவிலியமே. முஸ்லிமுக்கு இறைவார்த்தை அரபுக் குர்ஆன்தான். தமிழில் இருப்பது அதன் பொருள். தொழுகையில் ஓதுவது அரபு. யூதருக்கு எழுதப்பட்ட தோராவுடன் வாய்மொழித் தோராவும் சேர்ந்ததுதான் வேதம். அந்த வாய்மொழி மரபு கி.பி. 200ஐ ஒட்டி மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது. ஓர் உயிரைக் கொல்வது உலகையே அழிப்பது போன்றது என்ற கருத்து மிஷ்னாவில் உள்ளது. குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் அதற்கு ஒப்பான ஒன்றை இஸ்ரவேல் மக்களுக்கு விதித்த கட்டளையாகவே எடுத்துரைக்கிறது. உறவு தனாக்கோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது சான்று.

சீடன்: படிக்கத் தொடங்குபவன் எதை முதலில் எடுக்க வேண்டும், ஐயா?

குரு: தொடக்கநூலின் கடைசிப் பதினான்கு அதிகாரங்களையும் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும். தமிழில் இரண்டும் கிடைக்கின்றன. பெயர்கள் மட்டும் தடுமாற வைக்கும். விவிலியத்தின் யோசேப்பும், குர்ஆனின் யூசுஃபும், தமிழ்க் கத்தோலிக்கர் போர்த்துகீசியர் வழியே பெற்ற சூசையும் யோசேஃப் என்ற ஒரே எபிரேயப் பெயர்தான்.