மேட்டைக் கண்டு மலைக்காதீர்கள்!

லிஸ்பனுக்கு வந்தாயிற்று. மணி எட்டு. இருவரும் இன்னும் அறைக்குள் என்ன செய்கிறீர்கள்?

மொழி தெரியாது என்கிறார் ஒருவர். மூட்டு வலிக்கும் என்கிறார் மற்றவர். சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? வழி தவறினால்? பேசாமல் சுற்றுலா பஸ்ஸில் ஏறி, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே?

கூடாது!

இத்தனை வருடம் தள்ளிப்போட்டு, இவ்வளவு செலவழித்து, கடைசியில் கிளம்பி வந்தது கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவா?

வழுக்காத செருப்பைப் போடுங்கள். இந்த ஊர் நடைபாதையில் பதித்த சுண்ணாம்புக்கல், நடந்து நடந்து வழவழத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். பயம் வேண்டாம், கவனம் போதும். இரண்டையும் போட்டுக் குழப்பித்தானே இவ்வளவு நாள் வீட்டோடு இருந்தீர்கள்?

முதலில் பைஷா வட்டாரத்தில் ஒரு காபிக் கடை. நின்றபடி குடிக்கும் கூட்டத்தில் நீங்களும் நில்லுங்கள். ‘பிக்கா’ என்று கேளுங்கள். சின்னக் கோப்பையில் கெட்டியாகக் கறுப்புக் காபி வந்துவிடும். உச்சரிப்பு தவறியதா? தவறட்டும்! காபி வந்ததா, இல்லையா?

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். உள்ளே போங்கள்.

கரிந்த சுவர்கள். வெடித்துப் பிளந்த தூண்கள். 1959இல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் நாசமானது. 1994இல் மறுபடி திறந்தார்கள். தழும்பு தெரியாமல் பூசி மெழுகினார்களா? இல்லை! அந்தத் தூண்களுக்கு நடுவேதான் இன்றும் திருப்பலி நடக்கிறது.

நீங்களோ? என்றோ படுத்துப்போன வியாபாரத்தை எத்தனை வருடமாகப் பூசி மறைக்கிறீர்கள்? யாரிடம் மறைக்கிறீர்கள்? பக்கத்தில் நிற்பவருக்கு எல்லாம் தெரியுமே!

அடுத்தது கார்மோ மடம். மேட்டின் மேல் இருக்கிறது. ஏற்றிவிட சான்டா ஜுஸ்டா லிஃப்ட் உண்டு. 1902இல் எழுந்த 45 மீட்டர் இரும்புக் கோபுரம், அழகுதான். ஆனால் அதில் ஏற அவ்வளவு நீள வரிசையா? வெயிலில் நிற்கத் தெம்பிருக்கிறது, நடக்க மட்டும் இல்லையா? பக்கத்துத் தெரு வழியாக ஏறுங்கள்!

மேலே போனால் மடத்துக்குக் கூரையே இல்லை. வளைவுகள் மட்டும் நிற்கின்றன.

1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் பெருவிழா. ஆலயங்கள் நிரம்பி வழிந்த காலை. பூமி குலுங்கியது. கடல் ஊருக்குள் ஏறியது. மிச்சத்தைத் தீ நாள்கணக்கில் தின்றது. அன்று சரிந்ததுதான் இந்த மடத்தின் கூரை. மீண்டும் போடவே இல்லை.

அப்போது நாட்டின் தலைமைப் பொறியாளர் மானுவல் த மையா. பிறந்தது 1677இல். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

எண்பதை எட்டும் வயதில் ஊரே இடிந்து கிடக்கிறது. இனி என்னால் என்ன ஆகும் என்று ஒதுங்கினாரா? அந்த டிசம்பரிலேயே எழுத உட்கார்ந்தார். ஊரை எப்படியெல்லாம் எழுப்பலாம் என்று ஒன்றுக்கு ஐந்து வழி சொன்னார். காலையில் நீங்கள் நடந்தீர்களே, அந்த நேர்நேரான தெருக்கள் அப்படி எழுந்தவை.

சுவருக்குள் மரச்சட்டக் கூடு வைத்துக் கட்டினார்கள், அடுத்த முறை குலுங்கினாலும் தாங்கட்டும் என்று. மாதிரிக் கூட்டைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள்.

உங்களுக்கு என்ன வயது? ஐம்பத்தைந்தா? அறுபதா? மூட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை வரக்கூடாது!

பசிக்கிறதா? ஏதாவது ஒரு சின்னக் கடையில் நுழையுங்கள். ரொட்டியும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் கேட்காமலே மேசைக்கு வரும். தொட்டால் காசு. வேண்டாமென்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். என்ன கூச்சம்? ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்கித் தயங்கி இதுவரை எவ்வளவு இழந்திருக்கிறீர்கள்!

உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை உதிர்த்து, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துப் பிரட்டித் தருவார்கள். கருவாடு தின்று வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமா? சைவமா நீங்கள்? கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கால்டோ வெர்ட் சூப் இருக்கிறது. இறைச்சி சேர்த்துக் கொதிக்க வைத்ததா என்று வாயைத் திறந்து கேளுங்கள். பெட்டியில் இருக்கும் ஊறுகாயை நம்பியா கண்டம் தாண்டினீர்கள்?

பிறகு 15ஆம் எண் டிராமில் பெலேம். 1834இல் அரசு மடங்களை மூடியது. இங்கிருந்த ஜெரோனிமோஸ் மடத்துக்காரர்களின் பிழைப்பு போனது. போகட்டும் என்று உட்கார்ந்தார்களா? 1837இல் அவர்களுடைய முட்டைக்கரு இனிப்பு பக்கத்துக் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது! இன்றும் அதே கடை, வாசலில் வரிசை. சுடச்சுட, பட்டைத்தூள் தூவித் தின்னுங்கள். சர்க்கரை வியாதியா? ஒன்றை ஆளுக்குப் பாதி!

பக்கத்திலேயே அந்த ஜெரோனிமோஸ் மடத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1502இல் கோழிக்கோட்டின் மேல் பீரங்கிக் குண்டு பொழிந்தவர். கும்பிட வேண்டியதில்லை. பார்த்துவிட்டு நகருங்கள்.

சாயங்காலம் அல்ஃபாமா வட்டாரம். நிஜமான பரீட்சை இங்கேதான்!

படி, சந்து, மறுபடி படி. கைபேசி வரைபடம் திணறும். இடமா வலமா என்று இருவருக்கும் சண்டை வரும். வரட்டும்! இறங்கினால் தேஜோ ஆறு, ஏறினால் கோட்டை. இதில் தொலைந்துபோக என்ன இருக்கிறது?

போர்டாஸ் டோ சோல் மேட்டில் நின்று கீழே பாருங்கள். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் குவிமாடம். சான்டா எங்கிராசியா தேவாலயம். 1682இல் தொடங்கிய வேலை. தலைமுறை தலைமுறையாக இழுத்தது. முடியாத காரியத்துக்கெல்லாம் அதன் பெயரையே வைத்து ஊர் சிரித்தது.

1966இல் முடித்தார்கள்! நீங்கள் தொடங்கிப் பாதியில் போட்டது எத்தனை வருடத்து வேலை? பத்தா?

நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்த இடம் அது. அங்கே அமாலியா ரோட்ரிகஸும் இருக்கிறார். சிறு வயதில் துறைமுகத்தில் பழம் விற்ற பெண். இந்த ஊர்ப் பாட்டான ஃபாடோவைப் பாடி உலகத்தையே கேட்க வைத்தவர்.

இரவுச் சாப்பாடு ஃபாடோ பாடும் கடையில்தான். சொற்கள் புரியாது என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள்! பாட்டு நடக்கும்போது முள்கரண்டிகூடச் சத்தம் போடக்கூடாது. முடிந்ததும் உள்ளூர்க்காரர் தட்டட்டும் என்று பார்க்காதீர்கள். நீங்கள் தட்டுங்கள், பலமாக!

வெளியே வந்தால் டிராம் போய்விட்டதா? பைஷாவுக்கு இறக்கம்தான். கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள்!