சத்தியமும் கடனும்

விருதுநகர், சிவகாசி உள்ளிட்ட தென்பகுதிச் சிற்றூர்களில், சாட்சியற்ற வழக்கைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து தீர்ப்பது பழைய வழக்கம். 1873ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டமும், ஒரு தரப்பார் இசைந்தால், மறுதரப்பாரின் சத்தியத்தையே முடிவான சான்றாக ஏற்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கைவிட்டது.

நம் மார்க்கத்தில் அல்லாஹ்வின் பெயராலன்றி ஆணையிடலாகாது. சான்று காட்டுவது வாதியின் கடமை. அஃதில்லையேல் மறுப்பவர் சத்தியம் செய்து விடுபடுவார். அப்படியாயின், எழுத்தின்றிக் கூலி பேசிப் பட்டாசுக்குத் திரி வைத்த ஏழை, இறையச்சமற்ற முதலாளியிடம் தோற்கத்தான் வேண்டுமா? வழக்கில் தோற்கலாம். பிறர் உரிமையைத் தீர்ப்பால் பெற்றவர் நெருப்புத் துண்டையே பெற்றார் என நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள். சத்தியம் வழக்கை நிறுத்துமேயன்றிக் கடனைத் தீர்க்காது என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டம்; பின்னர் சாட்சி கிடைப்பின் காஜி மீண்டும் கேட்பார். ஆகவே, சத்தியம் வாங்கியதும் ஜமாஅத்துப் பெரியோர் ஏட்டை மூடிவிடுவது நமக்கு உடன்பாடன்று.