காம்பிராவுக்குள் கோழி

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் பல வீட்டுக் கோழிகள் மனிதரோடுதான் உறங்குகின்றன. அடுப்படி மூலையில் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் அதுவே கூடு. வெளியே விட்டால் கீரியும் மரநாயும் விட்டுவைக்காது. அடைக்கோழி 21 நாள் முட்டைமேல் இருக்க வேண்டும். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகைச் சூடு தேவை. ஊவா மலைக் குளிரில் அந்தச் சூடு அடுப்பருகேதான் கிடைக்கும்.

கோழியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சுகாதாரத்துறையினர் சொல்வது சரியானதே. எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். எச்சம் மக்கும்போது எழும் அமோனியா நெஞ்சைக் கெடுக்கும். 1997இல் ஹொங்கொங்கில் கோழிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய பறவைக் காய்ச்சலில் 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள். பிள்ளை படுக்கும் அறையில் கோழி படுக்கக் கூடாது. ஆனால் அதை வெளியே எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

லயத்தில் ஒரு குடும்பத்தின் அறையான காம்பிரா என்பது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. அதற்கு அப்பால் இருக்கும் மண் தோட்டத்துக்குச் சொந்தம். கோப்பிக் காலத்திலிருந்து அப்படித்தான். 1948இல் இந்தத் தோட்ட மக்களின் குடியுரிமை பறிபோனது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. காணி கைமாறிய எந்தத் தடவையும் அதில் உழைத்தவர் கைக்கு அது வரவில்லை. கூடு கட்ட நாலு கம்பு நடுவதற்கும் துரைமாரின் சம்மதம் வேண்டியிருந்த வாழ்க்கை இது.

நிலம் இல்லாதவருக்குக் கோழிதான் சொத்து. 2014இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 450 ரூபாய். அந்தக் கூலி போதாதபோது பிள்ளைத்தாய்ச்சிக்கு முட்டையும், காய்ச்சலில் எழுந்தவனுக்குச் சாறும், பள்ளிக்கூடக் கொப்பிக்குக் காசும் கோழியிடமிருந்தே வந்தன. கவ்வாத்துச் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அந்தக் கூடைக்குள்தான் வளர்ந்தது. வேலைக்கு ஆள் சேர்க்கும் காலைப் பெரட்டுக்குப் போகுமுன் கூடையைத் தூக்கிவிட்டு, அந்திக்கு வந்ததும் எண்ணிப் பார்க்கும் பெண்ணுக்கு ஒவ்வொன்றின் நடையும் தெரியும். அந்தப் பாசத்தை வறுமையின் பழக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

சொந்த மண் இல்லாததன் விலை கோழிக்கூட்டோடு முடிவதில்லை. ஊவாவில் கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தவர்கள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடம் சேறாயிருந்தது. பலரின் உடல் கிடைக்கவேயில்லை. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் 2014இலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். சொன்னபோதே ஏன் போகவில்லை என்று அவர்களைக் கேட்டவர்கள் உண்டு. போவதற்கு வேறு மண் இல்லாதவரிடம் அப்படிக் கேட்பது கொடுமை. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.

இப்படியான அழிவின் கணக்கில் ஆட்களும் வீடுகளும் இடம்பெறும். கோழியும் ஆடும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனாப் புயலின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கினார்கள். மறு ஆண்டே வெளியேற்றத் திட்டங்களில் அப்பிராணிகளையும் சேர்க்க வேண்டுமென்று அங்கே சட்டம் வந்தது. மண்சரிவு எச்சரிக்கை விடுத்து இரவோடு இரவாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லும் நம் அதிகாரிகளும், அந்தக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரு கூடைக்குள் இருப்பதை நினைக்க வேண்டும். கோழிக்கும் ஆட்டுக்கும் ஒரு கொட்டகை சேர்ந்த தங்குமிடம் பெரிய செலவல்ல.

அதைவிடப் பெரிய கடமை காணி. குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று 2015 முதல் பேசப்பட்ட 7 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. காம்பிராவோ 120 சதுர அடி. அந்த வித்தியாசத்தில் ஒரு கோழிக்கூடும் நாலு கறிவேப்பிலைக் கன்றும் பிள்ளை ஓடி விளையாட இடமும் அடங்கும். உறுதிப் பத்திரத்தோடு அந்த மண்ணைக் கொடுத்தால், கோழியை வெளியே வைக்கச் சொல்லி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, மக்களே செய்துகொள்வார்கள். சுத்தத்தைப் பற்றிப் பேசும் உரிமை, அந்த நிலத்தைக் கொடுத்தபின்தான் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் வரும்.