முதலில் பிரேக்

குல்மார்க்கிலோ ஔலியிலோ பனிச்சறுக்குப் பழகப் போனால் முதலில் சொல்லித்தருவது வேகத்தை அல்ல, நிற்பதை. இரண்டு பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகல விரித்து, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்த வேண்டும். விரிக்க விரிக்க வேகம் குறையும். வலது காலில் பாரத்தைக் கூட்டினால் இடப்பக்கம் திரும்பும். அவ்வளவுதான் வித்தை. கெடுப்பது பயம். சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பாரம் பலகையின் வாலுக்குப் போய்விடும், முன்பகுதி பிடி இழக்கும், நிற்க நினைத்தவர் இன்னும் வேகமாக வழுக்குவார். முழங்காலை மடக்கிச் சற்று முன்னே சாய்வதுதான் பாதுகாப்பு.

கோயமுத்தூர்க்காரருக்குப் பனிதான் தூரம், சரிவு பக்கத்திலேயே இருக்கிறது. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் விவரமான டிரைவர் ஏறிய கியரிலேயே இறங்குவார். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பூண்டியில் மூங்கில் தடி வாங்கி வெள்ளியங்கிரியின் ஏழு மலை ஏறுகிறவர்களுக்கும் முழங்கால் வலி பெரும்பாலும் இறக்கத்தில்தான். மலைக்குப் போக மாதக்கணக்கில் ஏறிப் பழகுகிறவர்களே, இறங்கவும் கொஞ்சம் பழகிவிட்டுப் போங்கள்.