காற்றுக்குக் காத்திருத்தல்

காத்திருத்தல் செயலா, செயலின்மையா? தேர் நிலைக்கு வரும் வரையிலும் திரை விலகும் வரையிலும் காத்து நிற்றலை விழாவுக்கு வந்தோர் யாவரும் அறிவர். ஆயினும் அவ்வாறு நிற்கும் பொழுது மனிதன் ஏதேனும் செய்கின்றானா, அன்றி வெறுமனே காலத்தைக் கழிக்கின்றானா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இதற்கு விடை காண நைல் நதியின் பாய்மரப் பயணம் பெரிதும் துணை செய்கின்றது.

நைல் நதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றது. எகிப்து நாட்டிலே காற்றோ ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசுகின்றது. ஆதலின் தெற்கே செல்வோர் பாய் விரித்து ஆற்றை எதிர்த்து ஏறுவர். வடக்கே மீள்வோர் பாயை இறக்கி, நீரோட்டத்தையும் துடுப்பையும் துணைக்கொண்டு வருவர். பண்டை எகிப்தியர் தம் சித்திர எழுத்தில் தெற்கே செல்லுதலைப் பாய் விரித்த படகாலும், வடக்கே செல்லுதலைப் பாயில்லாப் படகாலும் குறித்தனர். ஆயினும் காற்று ஓய்ந்தால் ஏறும் படகு நிற்கும். எதிர்க்காற்று மிகுந்தால் இறங்கும் படகும் நிற்கும். இளவேனிலில் கம்சீன் என்னும் புழுதிக்காற்று எழுந்தாலோ, கரையில் கட்டிக் கிடப்பதே அறிவுடைமை.

1873 டிசம்பரில் ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் அம்மையார் கெய்ரோவிலிருந்து ஒரு பாய்மரப் படகில் தெற்கே புறப்பட்டார். அப்பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1877-இல் வெளிவந்தது. அந்நாளில் நைலில் ஒரு வழக்கம் இருந்தது: நல்ல காற்று வீசும் பொழுது எத்துணைச் சிறந்த கோயில் கரையில் தோன்றினும் நிற்றலாகாது, திரும்பும் வழியில் கண்டுகொள்ளலாம். காற்று ஓய்ந்தாலோ, படகோட்டிகள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளிலிட்டுப் படகை இழுத்துச் செல்வர்.

1874-இல் அப்படகு அபு சிம்பெல் குகைக்கோயிலின் முன் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தங்கிற்று. உடன் வந்த ஓவியர் சித்திரம் தீட்டும் வரை ஏனையோர் காத்திருக்க நேர்ந்தது. அந்நாட்களிலே படகோட்டிகளைக் கொண்டு ஒரு பணி நடைபெற்றது. முன்னர் அச்செடுத்தவர்கள் மாபெரும் சிலையொன்றின் முகத்தில் விட்டுச்சென்ற வெண்சுண்ணக் கறைகளைச் சுரண்டி நீக்கினர். எஞ்சிய வெண்மை தெரியாதவாறு காப்பி நீரைப் பூசினர். பிற்காலத்தில், 1882-இல், எகிப்தின் தொல்பொருள்களை ஆராய்தற்கு ஒரு சங்கம் தோன்றியபொழுது அதனை நிறுவ முன்னின்றவர்களுள் அவ்வம்மையாரும் ஒருவர்.

இவற்றால் விளங்குவது யாது? காத்திருத்தலுக்குப் பகை இரண்டு. ஒன்று அவசரம். புயலிலே கட்டை அவிழ்க்கச் சொல்லும் பயணி தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. தன்னை மறுத்துப் பேச இயலாத கூலியாட்களின் உயிரையும் சேர்த்தே வைக்கின்றான். மற்றொன்று சோம்பல். அது பொறுமையின் வேடம் பூண்டு வருவதால் இனங்காணுதல் அரிது. நல்ல காற்று எழும்பொழுது இரண்டும் வேறுபட்டு நிற்கும். பொறுமையுடையவனின் பாய் கிழிசல் தைக்கப்பட்டு ஆயத்தமாக இருக்கும். சோம்பலுடையவன் அப்பொழுதுதான் ஊசியைத் தேடுவான். வள்ளுவர் காலமறிதலை வலியறிதலுக்கும் இடனறிதலுக்கும் நடுவே வைத்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது. காலம் கருதியிருப்பது வலியற்றோர் செயலன்று. தன் வலியை அறிந்தோர் செயலாகும்.

இன்னும் ஒன்று உண்டு. அறையில் அமர்ந்து காத்திருப்பவருக்குப் பொறுமை எளிது. கயிறு சுமக்கும் தோளுக்கு அது அரிது. தன் காத்திருப்பின் பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுத் தன்னைப் பொறுமையாளன் என்று எண்ணிக்கொள்ளுதல் அறமாகாது. கிடைத்த பொழுதைப் பயனுள்ள பணிக்கு ஆக்கி, உடன் இருப்போரின் சுமையைக் குறைத்து, காலம் வாய்த்தவுடன் எழுந்து செல்ல ஆயத்தமாய் இருத்தலே காத்திருத்தல். அது செயலின்மை அன்று. அரிய செயல்களுள் ஒன்று.