கடைமடைக்கும் அப்பால்

பழவேற்காடு ஏரியின் தென்பகுதிக்கு நன்னீர் தருவது ஆரணி ஆறு. ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை அதை மறிக்கிறது. தமிழகத்துக்குள் வந்த பிறகும் அணைக்கட்டுகள் பாசனத்துக்கு நீரைப் பிரிக்கின்றன. மிஞ்சுவதே ஏரிக்கு. கோட்டைக்குப்பம் முதலிய மீனவ ஊர்களின் பிழைப்பு அந்த மிச்சத்தில் இருக்கிறது. அது அவர்களுக்கு உரிய பங்கா, மேலே உள்ளவர்கள் மனமிரங்கி விடுவதா என்பதே இங்குள்ள அறக்கேள்வி.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் ஏரியின் உப்பைத் தணிக்கிறது. முகத்துவாரத்தில் சேர்ந்த மணலை அரித்து வழி திறக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அந்த வழியாகவே உள்ளே வந்து வளர்கின்றன. மணல் சேர்வதற்குக் கடலோர நீரோட்டமும் காரணம் என்பதால் பழி முழுவதையும் அணைமேல் போட முடியாது. ஆனால் அணை நிரம்பும்வரை சிறு வெள்ளங்கள் வருவதில்லை. நிரம்பியபின் புயல் மழையில் திறக்கும் உபரிநீர் கரையோர ஊர்களுக்குள் புகுகிறது. எவ்வளவு நீர் என்பதோடு, எப்போது என்பதும் பங்கீட்டில் அடங்கும்.

குடிநீருக்கே முதலிடம் என்பதை யாரும் மறுப்பதில்லை. பயிரைக் காக்க நீரைத் தேக்கும் உழவரின் கோரிக்கையும் நியாயமானதே. ஆனால் தாகத்துக்குள்ள முன்னுரிமையை இரண்டாம் போகத்துக்கும் ஆலைகளுக்கும் நீட்டிவிட முடியாது. அங்கே ஒரு பிழைப்புக்கு எதிரே இன்னொரு பிழைப்பு நிற்கிறது.

பங்கீடு இந்த ஏரிக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் பாடு முறைப்படி சுத்துவலை கட்டும் இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் அது காத்தது. ஆயினும் பாடு முறையில் பெயர் உள்ளவர்களுக்கே அந்த நியாயம். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் முறை கிடையாது. நதிநீர்ப் பங்கீட்டிலும் இதே குறை உண்டு: ஆயக்கட்டு ஏக்கர் கணக்கில் பதிவாகிறது, நகரத்தின் தேவை கோரிக்கையாக எழுதப்படுகிறது, ஏரி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கணக்கில் சேர்க்க முடியாது என்பதும் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யைப் பகிர்ந்தபோது சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. அளவு சிறிது, ஆனால் ஆற்றின் முடிவிடமும் ஒரு பங்காளி என்பது அதில் ஏற்கப்பட்டது.

ஆரணி ஆற்றுக்கும் அதுவே பொருந்தும். வறட்சி ஆண்டில் எல்லோருக்கும் குறைவது இயல்பு. அந்தக் குறை முழுவதும் ஒரே தரப்பின் தலையில், அதுவும் அந்த முடிவில் பேச இடமில்லாதவர்கள் தலையில், ஆண்டுதோறும் விழுவதுதான் அநீதி. ஏரிக்கான பங்கைப் பருவத்தோடு சேர்த்து வரையறுத்து, அதைத் தீர்மானிக்கும் இடத்தில் மீனவரையும் இருளரையும் உட்கார வைப்பதே நேரான பங்கீடு.